துப்பாக்கியும் துண்டறிக்கையும்: அமெரிக்க ஆயுத உரிமை இயக்கங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

துப்பாக்கி என்று எடுத்தாலே நம் வட்டாரத்தில் பேச்சு இரண்டு தடங்களில் ஒன்றில் போய் விழுந்துவிடுகிறது. மாவோவின் ஒற்றை வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் ஒரு பக்கம். காந்தியின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வரும்போது மட்டும் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து 'அவங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் வரலாற்றைப் படிக்கிற வேலை மிச்சம்தானே.

2018இல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். இவ்வளவு துப்பாக்கிகளைத் தொழிற்சாலைகள் செய்து விற்றன என்று சொல்லிவிடலாம். ஆனால் அவற்றை வைத்திருப்பது 'என் உரிமை' என்ற எண்ணத்தை எந்தத் தொழிற்சாலை செய்தது? இந்த எண்ணத்தை மக்களிடம் கொண்டு போனவர்கள் யார்? எந்தத் தெருவில், எந்தக் கூட்டத்தில், எந்தத் தாளில் அச்சடித்துக் கொண்டு போனார்கள்? இந்தக் கேள்விகளோடு தேடிப் போகிறவனுக்கு ஒன்றல்ல, இரண்டு இயக்கங்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள் தம் வீட்டு வாசலைக் காக்க எடுத்த துப்பாக்கியின் கதை. மற்றது, வெள்ளையர்களுடைய ஒரு குறிசுடும் மன்றம் நாட்டின் மிகப் பலம் வாய்ந்த அரசியல் அமைப்பாக மாறிய கதை. இரண்டும் அரசியலமைப்பின் அதே வாக்கியத்தைக் காட்டித்தான் பேசின. ஒன்றைச் சட்டம் போட்டு நசுக்கினார்கள். மற்றதற்கு உச்ச நீதிமன்றமே வாய் கொடுத்தது. இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

1791இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது திருத்தம் ஆங்கிலத்தில் 27 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். முன்பாதி, சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை என்கிறது. பின்பாதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக்கூடாது என்கிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, இல்லை சும்மா முன்னுரையாக நிற்கிறதா என்பதுதான் இருநூறு வருட வழக்கு. வினையெச்சம் எந்த வினையைக் கொண்டு முடிகிறது என்று உரையாசிரியர்கள் மல்லுக்கட்டுவதைப் படித்த நமக்கு இது ஒன்றும் புதிய விளையாட்டு அல்ல. ஆனால் இந்த வாக்கியத்தில் இலக்கணத்தைவிடச் சிக்கலான சொல் ஒன்று இருக்கிறது. அது 'மக்கள்'. யார் மக்கள்?

தெற்கு மாநிலங்களில் அந்தக் குடிப்படையின் அன்றாட வேலைகளில் ஒன்று அடிமைகளைக் கண்காணிப்பது. இரவில் ரோந்து போய், குடிசைகளைச் சோதித்து, ஆயுதம் இருந்தால் பிடுங்குவது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்கு மறு ஆண்டே, அடிமையாக இல்லாத கறுப்பரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் போட்டது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டானி அதற்கான காரணங்களில் ஒன்றாக இதையும் சொன்னார்: அவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் போகிற இடமெல்லாம் ஆயுதம் கொண்டு போகும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே! நீதிபதியின் இந்தப் பயம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. ஆயுத உரிமை என்பது குடியுரிமையின் நிழல் என்பதை எந்தக் கறுப்பினத் தலைவரும் சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், உரிமம் பெறாத விடுதலை பெற்ற கறுப்பர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம் என்றது. உரிமம் தருவது யார்? உள்ளூர் வெள்ளையர் வாரியம். 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது. கறுப்பர் குடிமக்கள் ஆனார்கள். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினக் குடிப்படையினரை வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 1876இல் க்ரூய்க்ஷாங்க் தீர்ப்பில், இரண்டாவது திருத்தம் காங்கிரசின் கையை மட்டுமே கட்டுகிறது, தனியார் கும்பல் உங்கள் ஆயுதத்தைப் பிடுங்கினால் மத்திய அரசு தலையிட இதில் ஒன்றும் இல்லை என்று முடித்தார்கள். உரிமை காகிதத்தில் இருந்தது. பிணங்கள் தரையில் கிடந்தன.

இந்தப் பின்னணியில்தான் 1892இல் ஐடா பி. வெல்ஸ் எழுதிய சிறு வெளியீட்டைப் படிக்க வேண்டும். மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பர் மூவர் அந்த ஆண்டு மார்ச்சில் அடித்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரன் கடைக்குப் போட்டியாகக் கடை வைத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். வெல்ஸ் தான் நடத்திய பத்திரிகையில் எழுதினார்; பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்; அவர் ஊர் திரும்ப முடியவில்லை. அதன் பிறகு வெளியிட்ட பிரசுரத்தில், ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதையான ஓர் இடம் இருக்கட்டும் என்று எழுதினார். ஆனால் அதே பிரசுரத்தில் அவர் அடுக்கிய மற்ற வழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலையை நிறுத்து, ஊரைக் காலி செய், டிராம் வண்டியைப் புறக்கணி, பத்திரிகை நடத்து, உண்மையை எண்ணிக்கையோடு எழுது. துப்பாக்கி அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். அதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துக் கொண்டாடுவது அவரைப் படிக்காததற்குச் சமம்.

3

அறுபதுகளுக்கு வருவோம். சிவில் உரிமை இயக்கம் என்றதும் நம் பாடநூல்கள் தரும் படம் அகிம்சைப் படம்தான். மார்ட்டின் லூதர் கிங் 1956இல் மாண்ட்கமரியில் தன் வீட்டின் மேல் குண்டு வீசப்பட்ட பிறகு கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தி அந்தப் படத்தில் இல்லை. மிசிசிப்பியில் வாக்குரிமைக்காக அடிபட்டுச் சிறைசென்ற ஃபானி லூ ஹேமர் தன் படுக்கையறை மூலைகளில் துப்பாக்கி சாத்தி வைத்திருந்ததும் இல்லை. பகலில் அகிம்சை ஊர்வலம், இரவில் திண்ணையில் துப்பாக்கியோடு யாராவது ஒரு பெரியவர் காவல். கிராமப்புறத் தெற்கில் இரண்டும் ஒரே இயக்கத்தின் இரண்டு வேளைகளாகத்தான் இருந்தன.

இதை வெளிப்படையாகப் பேசி, அமைப்பாகக் கட்டி, தாளில் அச்சடித்துப் பரப்பியவர் வட கரோலினாவின் மன்ரோ ஊரைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம்ஸ். ராணுவத்தில் இருந்து திரும்பியவர். என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளை ஆளில்லாமல் சாகக் கிடந்தபோது அதன் தலைவரானார். வழக்கமாகச் சேரும் ஆசிரியர்களும் பாதிரிமார்களும் பயந்து ஒதுங்கியதால் அவர் வேறு இடங்களுக்குப் போனார்: பில்லியர்ட்ஸ் கூடம், அழகு நிலையம், தெருமுனை, குத்தகை விவசாயிகளின் குடிசை. கிளைக்கு உயிர் வந்தது. இன்னொரு காரியமும் செய்தார். தேசிய ரைபிள் சங்கத்துக்கு, அதாவது என்.ஆர்.ஏ.வுக்கு, கடிதம் போட்டு, ஒரு ரைபிள் மன்றம் தொடங்க முறைப்படி அங்கீகாரம் வாங்கினார். சுமார் 60 பேர் சேர்ந்தார்கள். மன்ரோவில் உள்ள அந்த மன்றம் கறுப்பர் மன்றம் என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்காது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 1957 அக்டோபரில், கிளையின் துணைத்தலைவரான மருத்துவர் ஒருவரின் வீட்டைத் தாக்க கு க்ளக்ஸ் க்ளான் கார்களில் திரண்டு வந்தபோது மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பதில் கிடைத்தது. க்ளான் திரும்பிப் போனது. அதன் பிறகு ஊராட்சியே க்ளான் ஊர்வலத்துக்குத் தடை போட்டது. அதுவரை சட்டத்துக்குக் கண் தெரியவில்லை போலும்.

1959இல், கறுப்பினப் பெண் ஒருவரைத் தாக்கிய வெள்ளையனை நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றப் படிக்கட்டிலேயே நின்று, இனி வன்முறையை வன்முறையால்தான் எதிர்கொள்ள வேண்டும் என்றார் வில்லியம்ஸ். தலைமை அவரை இடைநீக்கம் செய்தது. அவர் அந்த ஆண்டே 'தி குருசேடர்' என்ற செய்தி மடலைத் தொடங்கினார். மனைவி மேபல் வில்லியம்ஸும் சேர்ந்து உழைத்த சைக்ளோஸ்டைல் தாள். நமக்கெல்லாம் பழக்கமான சமாச்சாரம்தான்: ஸ்டென்சில் வெட்டுவது, கையில் மை ஒட்டுவது, தபால்தலைக்குக் காசு தேடுவது. அதே ஆண்டு, அமைதிவாதிகள் நடத்திய 'லிபரேஷன்' என்ற சிறு பத்திரிகையில் வில்லியம்ஸின் கட்டுரையும் அதற்குக் கிங்கின் மறுப்பும் வந்தன. கிங் அதில் மூன்று நிலைகளைப் பிரித்தார்: தூய அகிம்சை, தற்காப்பு, திட்டமிட்ட வன்முறை. இரண்டாவதைக் காந்தியும் கண்டிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, மூன்றாவதை மறுத்தார். எவ்வளவு நிதானமான விவாதம் பாருங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள கோட்டை யார் கிழிப்பது என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. மன்ரோவில் அந்தக் கோட்டைக் கிழித்தது போலீஸ். 1961இல் ஆள்கடத்தல் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு வில்லியம்ஸ் கியூபாவுக்குத் தப்பிப் போனார். அங்கிருந்து வானொலி நடத்தினார். பின்பு சீனா. 1969இல்தான் நாடு திரும்பினார்.

லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் 1964இல் வேறொரு முயற்சி. க்ளான் கார்கள் போலீஸ் வண்டி முன்னே செல்ல கறுப்பர் குடியிருப்பில் ஊர்வலம் வந்த பிறகு, உள்ளூர் ஆட்கள் கூடி 'தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' என்று அமைப்பு கட்டினார்கள். டீக்கன் என்றால் தேவாலயத்தில் பணிவிடை செய்கிற மூப்பர். பெயரிலேயே ஒரு கௌரவம். காகித ஆலை ஊரான போகலூசாவில் அமைந்த கிளை இன்னும் பெயர் பெற்றது. போரிலிருந்து திரும்பியவர்கள், ஆலைத் தொழிலாளர்கள். அகிம்சைத் தொண்டர்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது, ராத்திரி காவல் இருப்பது, இவைதான் அவர்களுடைய வேலை. 1965இல் மத்திய அரசு போகலூசா க்ளானுக்கு எதிராக நீதிமன்றம் போனது. கறுப்பர் அடிபட்டுக்கொண்டிருந்த வரை வராத அரசு, திருப்பிச் சுடக்கூடும் என்ற நிலை வந்ததும் வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

மூன்றாவது முயற்சிதான் எல்லாருக்கும் தெரிந்தது. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். மாவோவின் சிவப்புப் புத்தகத்தைப் பெர்க்லி மாணவர்களிடம் விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். புத்தகம் விற்றுத் துப்பாக்கி! குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டு போவது அன்று அம்மாநிலத்தில் சட்டப்படி குற்றமில்லை. ஆகவே போலீஸ் வண்டியைப் பின்தொடர்ந்து போய், கறுப்பர் ஒருவரை நிறுத்தினால் சட்டம் சொல்கிற தூரத்தில் நின்று, ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் சட்டப் புத்தகம். நிறுத்தப்பட்டவருக்கு அவருடைய உரிமை இன்னதென்று சத்தமாகப் படித்துச் சொல்வார்கள். கட்சியின் பத்து அம்சத் திட்டத்தில் ஏழாவது அம்சம் இரண்டாவது திருத்தத்தைக் காட்டியே எழுதப்பட்டது.

குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டான் மல்ஃபோர்டு உடனே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2ஆம் தேதி சிறுத்தைகள் 30 பேர், அவர்களில் ஆறு பேர் பெண்கள், ஆயுதங்களோடு சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். மறுநாள் நாடு முழுவதும் அந்தப் புகைப்படம். அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன், தெருவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு குடிமக்கள் திரிய எந்தக் காரணமும் இல்லை என்றார். ஜூலையில் மல்ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். என்.ஆர்.ஏ. அதை எதிர்க்கவில்லை, ஆதரவுதான் தந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து 1980இல், என்.ஆர்.ஏ. தன் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு ஜனாதிபதி வேட்பாளருக்கு ஆதரவு அறிவித்தது. யாருக்கு என்கிறீர்கள்? அதே ரீகனுக்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. தோல் சட்டை, பெரே தொப்பி, துப்பாக்கி என்ற அந்தப் படிமம் ஆண்மையின் படிமமாகவும் இருந்தது. கட்சிக்குள் பெண்கள் பட்ட பாட்டை அவர்களே பிறகு எழுதியிருக்கிறார்கள். கட்சியை ஊரோடு ஒட்ட வைத்தது 1969இல் தொடங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசக் காலை உணவும், எமரி டக்ளஸின் ஓவியங்களோடு வந்த வாரப் பத்திரிகையும்தான். அந்த ஆண்டு டிசம்பர் 4 விடியற்காலை சிகாகோவில் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் படுக்கையிலேயே போலீசார் கொன்றார்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட குண்டுகள் வெளியிலிருந்து, உள்ளிருந்து ஒன்று என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

4

இப்போது மற்ற இயக்கம். என்.ஆர்.ஏ. 1871இல் நியூயார்க்கில் தொடங்கியது. தொடங்கியவர்கள் அடிமைமுறைக்கு எதிராகப் போரிட்ட வடக்குப் படையின் அதிகாரிகள். தங்கள் சிப்பாய்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற வருத்தம்தான் காரணம். அறுபது எழுபது ஆண்டுகள் அது குறிசுடும் போட்டிகளையும் பயிற்சியையும் நடத்திக்கொண்டிருந்த சங்கம். 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு 200 டாலர் வரி போட்டுக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது, நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த சங்கத் தலைவர் கார்ல் ஃப்ரெடரிக், கண்டவரெல்லாம் துப்பாக்கி தூக்கித் திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றே சொன்னார். 1963இல் ஜான் கென்னடியைக் கொன்ற ரைபிள், சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்கப்பட்டது. அதன் பிறகு தபால் விற்பனையைத் தடைசெய்யும் யோசனையைச் சங்கத்தின் நிர்வாகத் துணைத்தலைவரே ஆதரித்துப் பேசினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட ஆண்டில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

மாற்றம் மேலிருந்து வரவில்லை என்பதுதான் முக்கியம். எழுபதுகளில் தலைமை வாஷிங்டனை விட்டுக் கொலராடோவுக்குப் போய், வேட்டை, முகாம், இயற்கைப் பாதுகாப்பு என்று சங்கத்தை மாற்றத் திட்டமிட்டது. அரசியல் பிரிவின் ஆட்கள் பலரை வீட்டுக்கு அனுப்பியது. 1977 மே 21ஆம் தேதி சின்சினாட்டியில் ஆண்டுக் கூட்டம். சாதாரண உறுப்பினர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்து, வாக்கி டாக்கி வைத்துக்கொண்டு, சங்கத்தின் விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். விடிய விடியக் கூட்டம். மறுநாள் அதிகாலை நாலு மணிவாக்கில் பழைய தலைமை போய் ஹார்லன் கார்ட்டர் வந்தார். இவர் எல்லைக் காவல் படையின் தலைவராக இருந்து, 1954இல் மெக்சிகர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய நடவடிக்கையை நடத்தியவர். 1931இல், தன் பதினேழாவது வயதில், பதினைந்து வயது மெக்சிக வம்சாவளிச் சிறுவனைச் சுட்டுக் கொன்றவர். கொலைத் தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. இந்த வாழ்க்கை வரலாற்றை வைத்துப் பார்த்தால் துப்பாக்கி யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்ற கேள்விக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

அவர்கள் கையாண்ட முறைகளை இகழ்ந்து பேசிப் பயனில்லை, படிக்க வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை எட்டு ஆண்டுகளில் மும்மடங்கானது. எப்படி? ஊர்தோறும் ஏற்கெனவே சுடும் மன்றம் இருந்தது. வேட்டைப் பருவம் இருந்தது. அப்பன் மகனுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தரும் வழக்கம் இருந்தது. அந்த மண்ணில் அரசியலை விதைத்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தவரே தேர்தல் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊர் விருந்து நடத்தி, பரிசுச் சீட்டு விற்றுப் பணம் திரட்டினார்கள். 1988இல் பிள்ளைகளுக்காக ஒரு கழுகுப் பொம்மையை உருவாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வேட்பாளர்களுக்குப் பள்ளி வாத்தியார் மாதிரி மதிப்பெண் போட்டு, தேர்தலுக்கு முன் உறுப்பினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'உன் துப்பாக்கியைப் பிடுங்க வருகிறார்கள்' என்ற ஒரே செய்தி பல்லாயிரம் கடிதங்களில் போனது. தலைமை அலுவலகச் சுவரில் இரண்டாவது திருத்தத்தைப் பொறித்தபோது குடிப்படை பற்றிய முன்பாதியை விட்டுவிட்டார்கள். பாதி வாக்கியம் முழு வாக்கியமானது. இதைத்தான் 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாக எழுதியது: முன்பாதி நோக்கத்தைச் சொல்கிறது, பின்பாதியின் உரிமையைச் சுருக்காது. சுவரில் வெட்டிய வெட்டு முப்பது ஆண்டில் சட்டத்தில் விழுந்தது. உரையாசிரியர் ஒருவரின் வாசிப்பு மூலபாடத்தையே விழுங்கிவிடுகிற அதிசயம் நம் மரபில் மட்டும்தான் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

2010இல் மெக்டொனால்டு வழக்கில் அந்த உரிமை மாநிலங்களையும் கட்டும் என்றார்கள். வழக்குப் போட்டவர் சிகாகோவின் முதிய கறுப்பர் ஒருவர். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தன் தனித் தீர்ப்பில் கோல்ஃபாக்ஸையும், க்ரூய்க்ஷாங்கையும், கும்பல் கொலைகளையும் விரிவாக எழுதினார். 2022இல் ப்ரூயன் வழக்கில் வீட்டுக்கு வெளியே கொண்டு போகும் உரிமையும் ஏற்கப்பட்டது. அதாவது, கறுப்பு மக்களின் ரத்த வரலாறு இப்போது எதிரணியின் மனுவில் சான்றாகச் சேர்ந்துவிட்டது. இதை ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த வரலாறு உண்மைதானே. ஆனால் 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் என்ன நடந்தது? பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்த 32 வயதுக் கறுப்பர் ஒருவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில விநாடிகளில் சுடப்பட்டு இறந்தார். கூட இருந்த பெண் நேரலையில் காட்டியதால் உலகம் பார்த்தது. சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார். உரிமத்துக்காக உயிரையே விடுவோம் என்று முழங்கும் என்.ஆர்.ஏ. பட்டும் படாமலும் ஓர் அறிக்கை விட்டது. டானி 1857இல் பயந்த அதே இடம். சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. கொலையானவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர். மக்கள் தொகையில் அவர்கள் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு தாய்மார்கள் அமைப்பு கட்டினார்கள். 2018இல் பார்க்லாந்தில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு மாணவர்களே வாஷிங்டனுக்குத் திரண்டார்கள். மன்ரோவின் மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த துப்பாக்கி ஓர் ஊரின் கூட்டு முடிவு. இன்று தனித்தனி மேசை இழுப்பறைகளில் கிடப்பது அந்தத் துப்பாக்கி அல்ல. இரும்பு அதேதான். ஆனால் அதைச் சுற்றி இருந்த கூட்டமும் கட்டுப்பாடும் விவாதமும் கழன்றுபோய்விட்டன.

5

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். 1878இல் வைஸ்ராய் லிட்டன் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். ஒன்று, தாய்மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம். மற்றது ஆயுதச் சட்டம். அதில் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. துண்டறிக்கையையும் துப்பாக்கியையும் ஒரே ஆண்டில் பறிக்க வேண்டும் என்று தோன்றிய மூளை அது. பத்திரிகைச் சட்டம் சில ஆண்டுகளில் போய்விட்டது. ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், மக்களின் ராஜவிசுவாசத்தைக் காரணம் காட்டித் தீர்மானம் போட்டது. விசுவாசமாக இருக்கிறோம், துப்பாக்கி கொடுங்கள் என்கிற வாதம்! 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. உரிமையாக இல்லாமல் உரிமமாகவே அது நின்றது.

ஊரில் உரிமத் துப்பாக்கி யார் வீட்டில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது கூலி உயர்வு கேட்டவர்கள் பக்கம் துப்பாக்கி இல்லை. கறுப்புச் சிறுத்தைகளின் பெயர் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே போன்றவர்களால் தலித் சிறுத்தைகளாகி, 1982இல் மதுரைக்கு வந்தது. பெயர் வந்தது, பத்திரிகை வந்தது, கவிதை வந்தது. துப்பாக்கி வரவில்லை. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓக்லாந்தில் நிலைத்ததும் பத்திரிகையும் காலைச் சாப்பாடும்தான் என்று பார்த்தோம்.

ஆனால் பலருக்கும் தெரியாத ஓர் ஏற்பாடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வகுத்த விதிகளில் மூன்றாவது விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் மற்ற சாதியினரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யவும், சட்டவிரோத ஆயுதங்களைக் கைப்பற்றவும், தேவை எனக் கருதினால் தலித், பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. கடைசிப் பகுதியைப் படித்ததும் நம் தோழர்கள் சிலருக்கு ரத்தம் சூடேறும். மின்னசோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சேரிக்கு உரிமம் வரலாம். அந்த உரிமத்தை இரவில் சாலையில் நிறுத்திப் பார்க்கப் போவது எந்தப் போலீஸ்? முதற்பகுதிதான் நமக்கு வேலை. எந்த மாவட்டத்தில், எந்த ஆதிக்கசாதிக்காரர் வீட்டில், எந்தப் பயிரைக் காக்க என்று சொல்லி எத்தனை உரிமங்கள் இருக்கின்றன? கலவரம் நடந்த ஊர்களில் அவற்றில் எத்தனை ரத்தாகியிருக்கின்றன? இதைக் கேட்க மனு போதும். பதிலை ஊராருக்குச் சொல்லத் துண்டறிக்கை போதும். ஐடா வெல்ஸ் கும்பல் கொலைகளை ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக எண்ணி எழுதியது போல யாராவது நாலு பேர் உட்கார்ந்து எண்ணத் தொடங்க வேண்டும். 'தேவை எனக் கருதினால்' என்கிற அந்தச் சொற்களை இப்போதைக்கு கலெக்டர் அலுவலகம் மட்டுமே வாசித்துக்கொண்டிருக்கிறது.